உறிஞ்சுகுழல் சாமியின் மருந்தெடுப்பு

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெங்களூர் ஒக்கலிபுரத்தில் எங்கள் தெருவுக்குள் நுழைகிறவர்கள் முதலில் பார்ப்பது செருப்புகளைத்தான். ஹவாய் செருப்பு, குதிகால் உயர்ந்த செருப்பு, வார் அறுந்த செருப்பு, அப்போதுதான் பாலிஷ் போட்ட ஷூ எல்லாம் என் வாசற்படி வரைக்கும் பரவிக் கிடக்கும். அத்தனையும் நாகேஷப்பா சாமியைப் பார்க்க வந்தவர்களுடையவை. மாரிக்குப்பத்திலிருந்து வருகிற காலை ரயில் வந்து நின்றால் போதும், கோலார் தங்கவயல்காரர்கள் ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்துவிடுவார்கள். ஓசூர்க்காரர்கள் வேன் பிடித்து வருவார்கள். ஒயிட்ஃபீல்டிலிருந்து கம்ப்யூட்டர் பிள்ளைகள் காரில் வந்து, நிறுத்த இடமில்லாமல் தெருவையே பிரதட்சணம் செய்துகொண்டிருப்பார்கள்.

இவ்வளவு பேருக்கும் என்ன குறை? ஒரே குறைதான். யாரோ சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள்.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். இது டாக்டர் எழுதிக் கொடுக்கிற மருந்து இல்லை. ஆகாதவர்கள் சோற்றிலோ காப்பியிலோ கலந்து கொடுத்துவிடுவதாகச் சொல்லப்படுகிற மருந்து. தமிழர்கள் இடுமருந்து என்பார்கள், கன்னடக்காரர்கள் கைமத்து என்பார்கள். தண்ணீர் விஷயத்தில் இந்த இரண்டு கூட்டமும் எப்படியிருந்தாலும், மருந்து விஷயத்தில் அண்ணன் தம்பிகள். அந்த மருந்து இரைப்பையில் போய்க் கட்டியாக ஒட்டிக்கொள்ளுமாம். பசிக்காதாம். உடம்பு இளைக்குமாம். சாப்பிட்டது நெஞ்சிலேயே நிற்குமாம். வைத்தவர் யார் என்பதில் மட்டும் அதிகக் குழப்பம் வருவதில்லை. வீட்டில் யார் சமைக்கிறாரோ அவர்தான். பெரும்பாலும் மருமகள்.

நாகேஷப்பாவின் வைத்தியத்துக்கு ஸ்கேன் வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டாம், வெறும் வயிறுகூட வேண்டாம். உள்ளங்கையை நீட்டினால் போதும். ஒவ்வொரு ஆளுக்கும் திரைக்குப் பின்னால் புதிதாகப் பிழிந்து வருகிற கிண்ணத்திலிருந்து பச்சிலைச் சாற்றை எடுத்து உள்ளங்கையில் விடுவார். ஒலிபெருக்கியில் ஒரு பக்திப் பாட்டு பாடி முடிவதற்குள் சாறு கெட்டியாகி, ஜெல்லி மாதிரி ஆடும். உறைந்துவிட்டால் வயிற்றில் மருந்து இருக்கிறது. உறையாவிட்டால் இல்லை. இதுவரை உறையாத உள்ளங்கை ஒன்றைக்கூட ஒக்கலிபுரம் பார்த்ததில்லை. அப்படியானால் பெங்களூரில் சோறு தின்கிற அத்தனை பேருக்கும் யாரோ மருந்து வைத்திருக்கிறார்கள். வைக்கிற கூட்டத்துக்கு வேறு வேலையே கிடையாது போல.

அடுத்தது எடுப்பு. சாமி திரைக்குப் பின்னால் போய் ஜெபம் செய்வார். திரும்பி வரும்போது வாய் மூடியிருக்கும். அந்த நேரத்தில் அவர் மௌனம், பேசினால் சக்தி போய்விடும். ஒரு பித்தளைக் குழாயை ஆளின் தொப்புளுக்கு நேரே, துணிக்கு மேலேயே வைத்து, கண்ணை மூடி ஒரே இழுப்பு. பிறகு தட்டில் துப்புவார். கறுப்பாக, முடியும் சாம்பலும் கலந்த ஒரு உருண்டை விழும். கூட்டம் "ஆ!" என்னும். தோலையும் சட்டையையும் ஓட்டை போடாமல் கட்டி எப்படி வெளியே வந்தது என்று கேட்கிறவன் நாத்திகன்.

உறிஞ்சுகிற வித்தை அவருக்குப் புதிதல்ல. சாமியாவதற்கு முன்னால் அவர் ஒரு ஆட்டோ மெக்கானிக் ஷெட்டில் வேலை பார்த்தார். டியூபை டேங்குக்குள் விட்டு வாயால் ஒரே இழுப்பில் பெட்ரோலை வெளியே கொண்டுவருவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கையால் காசு வாங்கமாட்டார், அவ்வளவு பற்றற்றவர். அவர் மனைவி சரளா மடியில் ஒரு பித்தளைத் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர்களைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து யாரும் சில்லறை போடுவதில்லை.

எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு தனலக்ஷ்மி அம்மாளுடையது. வாட்டசாட்டமான பெண்மணி. தெருவில் குழாய்ச் சண்டை வந்தால் அவர் குரல் கேட்டதும் சண்டை முடிந்துவிடும். அப்படிப்பட்டவருக்குக் கொஞ்ச மாதங்களாகச் சோறு இறங்கவில்லை. ரெண்டு வாய் வைத்தால் வயிறு நிறைந்துபோகிறது என்றார். ரவிக்கை தொளதொளத்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. நாகேஷப்பாவின் உள்ளங்கைப் பரிசோதனைக்குப் போனார். உறைந்தது. வீட்டில் யார் சமையல் என்று சாமி கேட்டார். மருமகள் என்றார். சாமி மெதுவாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு போதுமானதாக இருந்தது.

மருமகள் சங்கமித்ரா தங்கவயல் பெண். புத்தரைக் கும்பிடுகிற குடும்பம். ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் ஒரு பார்சல் கம்பெனியில் வேலை. ஆபீசுக்குப் போகுமுன் சமைத்து மூடி வைத்துவிட்டுப் போவாள். அந்தச் சமையலை மாமியார் தொடுவதை நிறுத்தினார். மகன் ரவிக்குமார் பீன்யாவில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை செய்கிறவன். அங்கே மயிரிழை அளவு கூடினாலும் குறைந்தாலும் இரும்புத் துண்டைத் தூக்கிக் குப்பையில் போடுவான். வீட்டுக்கு வந்தால் அம்மாவுக்கு ஓட்டல் இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டு, மனைவி முகத்தைப் பார்க்காமல் டி.வி. பார்ப்பான்.

சாமி ஒரு தடவை மருந்தை உறிஞ்சி எடுத்தார். தனலக்ஷ்மி அம்மாளுக்கு அன்றைக்கு உடம்பு நன்றாக இருந்தது. நம்பிக்கைக்கு ரெண்டு இட்லியைச் செரிக்க வைக்கிற சக்தி உண்டு. மூன்றாவது இட்லிக்கு அது போதவில்லை. மறுபடி போனார், மறுபடி உறைந்தது, மறுபடி உருண்டை வந்தது. உடம்பு மட்டும் இன்னும் இளைத்தது. மூன்றாம் தடவை உள்ளங்கையைப் பார்த்ததும் சாமிக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் எடுக்க எடுக்க வெச்சினே இருந்தா நான் இன்னாமா பண்ணுவேன்? அடுத்த ஞாயித்துக்கெழம அந்தப் பொண்ண கூட்டினு வாங்க. எல்லார் எதுருலயும் கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணட்டும், இனிமே வெக்க மாட்டேன்னு."

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இனிமேல் வைக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தால், இதுவரை வைத்தேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். சாமி சும்மா சாமி ஆகவில்லை.

அன்று அந்த வீட்டில் நடந்த பேச்சு எங்கள் வீடு வரை கேட்டது.

"அத்தை, கறுப்பா போகுதுன்னா உள்ள எங்கியோ ரத்தம் கசியுதுன்னு அர்த்தம். ஒரு எண்டோஸ்கோபி எடுத்துடலாம். காலு புடிச்சு கேக்கறேன்."

"வாய்ல கொழாய விடுவாங்களாமே. நான் மாட்டேம்மா."

"நாகேஷப்பா தொப்புள்ல கொழா வெச்சா மட்டும் சும்மா படுத்துக்கறீங்க?"

"அது பித்தள. சுத்தம்."

சங்கமித்ரா அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. பிறகு அவள் குரல் தெளிவாக வந்தது. "சரி, வரேன். கற்பூரமும் அணைக்கறேன். ஆனா எங்க ஆபீஸ் சிரில் சாருக்கும் வயிறு சரியில்ல. சாமி மொதல்ல அவரப் பாக்கட்டும். அதுக்கப்புறம் நீங்க என்கூட ஒரே ஒரு தடவ ஆஸ்பத்திரிக்கு வரணும்."

"வரேன் போ," என்றார் தனலக்ஷ்மி அம்மாள். ரவிக்குமார் இருவருக்கும் தலையாட்டினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் நாகேஷப்பாவின் கொட்டகைக்குப் போயிருந்தேன். வைத்தியத்துக்கு இல்லை. என் வாசலில் செருப்பு விடுகிறதைப் பற்றிச் சண்டை போடப் போனேன். சண்டை போட வந்தவனுக்கும் சரளா டோக்கன் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்.

முன் வரிசையில் தனலக்ஷ்மி அம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்துக் காகிதமாக இருந்தது. பக்கத்தில் சங்கமித்ரா, கையில் கற்பூரப் பொட்டலம். வந்தவர்கள் எல்லோரும் அவளைக் காட்டிக் கிசுகிசுத்தார்கள். ஒரு அம்மாள் தன் குழந்தையை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அவளுக்கு அடுத்து சிரில் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்த பிஸ்கட்டை அணில் மாதிரி கொறித்துக்கொண்டிருந்தார். ஒல்லியான, சிரித்த முகமான மனிதர். ஓய்வு பெறும் வயது.

அவர் முறை வந்தது.

"இன்னா பிரச்சன?" என்றார் சாமி.

"கொஞ்சம் சாப்பிட்டாலே நெறஞ்சிடுது சாமி. மின்ன மாதிரி ஒரு பிளேட் பிரியாணி எறங்க மாட்டேங்குது. நாலு வருஷமா இப்படித்தான்."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சாறு விட்டார்கள், பாட்டு முடிந்தது, உள்ளங்கையில் ஜெல்லி ஆடியது.

"வீட்ல யாரு சமையல்?"

"ஆஞ்சலா. என் வீட்டுக்காரி."

"அவங்கதான்."

"அவ உப்ப அதிகமா வெப்பா, அது எனக்குத் தெரியும். மருந்து வேறயா?" என்றார் சிரில். "சாமி, அது எங்க இருக்குன்னு கரெக்டா சொன்னீங்கன்னா மனசு நிம்மதியாவும்."

சாமி அவர் இடது விலாவுக்குக் கீழே இரண்டு விரலை வைத்து அழுத்தினார். "இரைப்பையில. அடியில ஒட்டினு கீது."

"இரைப்பைதானா சாமி? கொடல்ல கிடல்ல எறங்கிடலியே?"

"இத்தினி பேருக்கு எடுத்தவன் நானு. இரைப்பைக்கும் கொடலுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு? இரைப்பையேதான்."

திரைக்குப் பின்னால் போனார். வாயை மூடிக்கொண்டு வந்தார். குழாயைச் சட்டை மேல் வைத்து இழுத்தார். துப்பினார். நெல்லிக்காய் பருமனில் ஒரு உருண்டை. கூட்டம் "ஆ!" என்றது. நாலைந்து பேர் செல்போனில் படம் பிடித்தார்கள்.

"இது என் இரைப்பையிலேர்ந்துதான் வந்துதா சாமி?" என்றார் சிரில் பவ்யமாக.

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரன்துலேர்ந்தா?" என்றார் சாமி. எல்லோரும் சிரித்தார்கள். சிரிலும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினார். நெஞ்செலும்பிலிருந்து தொப்புளைத் தாண்டி ஒரு நீளத் தழும்பு இறங்கியது.

"நாலு வருஷத்துக்கு மின்ன எனக்கு வயித்துல கேன்சர் வந்துது. டாக்டருங்க இரைப்பைய முழுசா எடுத்துட்டாங்க. மேல இருக்கற சோத்துக் கொழாய நேரா கொடலோட சேத்துத் தெச்சிருக்காங்க. அதான் அணில் மாதிரி கொறிச்சினு இருக்கேன். எனக்கு இரைப்பையே இல்ல சாமி. இல்லாத எடத்துலேர்ந்து இவ்ளோ பெருசா எடுத்துட்டீங்களே!"

சாமி வாயைத் திறந்தார், மூடினார். இந்த முறை அது மௌன விரதம் இல்லை.

அவரைக் காப்பாற்றியது கூட்டம்தான். பின்னாலிருந்து ஒருவர் எழுந்து, "பொய்யி! வயிறு இல்லாம மனுசன் உயிரோட இருப்பானா? யார் காதுல பூ சுத்தறாரு?" என்று கத்தினார். "ஆமா, அதெப்படி முடியும்?" என்று இன்னும் பத்துப் பேர் சேர்ந்துகொண்டார்கள். பித்தளைக் குழாயால் சட்டை வழியாகக் கட்டியை உறிஞ்ச முடியும் என்பதில் இவர்களுக்குச் சந்தேகமே கிடையாது. ஆஸ்பத்திரியில் இரைப்பையை எடுத்துவிட்டு ஆளைப் பிழைக்க வைக்க முடியும் என்றால் மட்டும் அறிவியல் நிரூபணம் வேண்டும்!

"அதானே!" என்றார் சாமி, உயிர் திரும்பி. "டாக்டருங்க எடுக்காமலே எடுத்துட்டோம்னு சொல்லி அனுப்பியிருப்பாங்க."

"சரி சாமி, இன்னொரு தடவ உறிஞ்சுங்க," என்றார் சிரில். "திரைக்குப் பின்னால போவாம, இங்கியே எல்லார் எதுருலயும் வாய கொப்பளிச்சிட்டு."

"ஒரு ஆளுக்கு ஒரு நாள்ல ஒரு தடவதான். சக்தி தாங்காது."

கூட்டம் பாதி இப்படியும் பாதி அப்படியும் நின்றது. சாமி நிலைமையை மாற்ற சங்கமித்ராவைப் பார்த்துக் கையை நீட்டினார். "நீ வாமா. சத்தியம் பண்ணு."

அப்போதுதான் தனலக்ஷ்மி அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"இரு மித்ரா," என்றார். "சாமி, இவருக்கு இரைப்பை கீதோ இல்லியோ எனக்குத் தெரியாது. ஆனா என் கையில மூணு தடவ ஒறஞ்சுது. அத நான் என் கண்ணால பாத்தேன்."

"அப்படி சொல்லுங்கம்மா!"

"அதான் கேக்கறேன். சாப்புடாத எடத்துல ஊத்தினா ஒறையாதுல்ல?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வாழ்நாள் முழுக்கக் வெண்டைக்காயை உடைத்துப் பார்த்து வாங்கிய பெண்மணி அவர். அடுத்த ஆளுக்கென்று அப்போதுதான் பிழிந்து வந்த கிண்ணத்தை எடுத்து, சரளாவின் மடியிலிருந்த பித்தளைத் தட்டில், ரூபாய் நோட்டுகளை ஒதுக்கிவிட்டுச் சாற்றை ஊற்றினார். சரளா தட்டைச் சாய்க்கப் பார்த்தார். "ஆட்டாதீங்க!" என்று கொட்டகை முழுக்க ஒரே குரல். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்தது. தனலக்ஷ்மி அம்மாள் விரலால் குத்திப் பார்த்தார். தட்டில் பச்சை ஜெல்லி ஆடியது.

"ஏ சரளா," என்றார். "உன் தட்டுக்கு எந்த மருமவ சோத்துல மருந்து வெச்சா?"

வாசலில் நின்றிருந்த கன்னடக்கார ஆட்டோ டிரைவர்தான் முதலில் சிரித்தார். "தட்டெகூ கைமத்தா, குரு!" என்று தொடையில் தட்டினார். அப்புறம் கொட்டகை வெடித்தது. யாரோ திரைக்குப் பின்னாலிருந்து மீதி இலையை எடுத்துவந்து கசக்கி மேஜை மேல் சொட்டவிட்டார்கள், மேஜைக்கும் மருந்து வைத்திருந்தார்கள். ஜன்னல் கட்டைக்கு வைத்திருந்தார்கள். தங்கவயலிலிருந்து வந்த ஒரு அம்மாள், "இது எங்க ஊரு வேலியில கெடக்கற கட்டுக்கொடி எல சாறாட்டம் கீதே! எதுல ஊத்தினாலும் தானா கட்டியாப் பூடுமே!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். உறிஞ்சுகுழல் சாமி திரைக்குப் பின்னால் ஜெபம் செய்யப் போனவர், பின்கதவு வழியாக வெகுதூரம் ஜெபம் செய்துகொண்டே போய்விட்டார். அன்று சாயங்காலம் அவர் மெடிக்கல் ஷாப்பில் நெஞ்செரிச்சல் மாத்திரை வாங்கியதைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். தன் வயிற்றுக்கு அவர் குழாயை நம்புகிற ஆள் இல்லை.

மன்னிப்பு என்ற சொல் தனலக்ஷ்மி அம்மாளின் வாயில் பழகாதது. மருமகள் கையிலிருந்த கற்பூரத்தை வாங்கிக் கீழே போட்டார். "ஆஸ்பத்திரி இன்னா நேரத்துக்குத் தொறக்கும்?" என்றார். சங்கமித்ரா அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழாய் விட்டார்கள். உள்ளே நிஜமாகவே ஒரு கட்டி இருந்தது. நாகேஷப்பாவின் நெல்லிக்காய் இல்லை, ஒரு சாத்துக்குடி. டாக்டர் மமதா பொறுமையாக விளக்கினார். வயிற்றுப் புற்றுநோய் என்றால் சாதாரணமாக இரைப்பையின் உள்தோலில் வரும். இது இரைப்பைச் சுவருக்குள்ளே, தசையோடு சேர்ந்து வளர்ந்த அபூர்வ வகை. ஜிஸ்ட் என்று பெயர். ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்த பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடிந்தது. இதற்கென்றே தினமும் சாப்பிடுகிற ஒரு மாத்திரை இருக்கிறது.

"முன்னாடியே வந்திருந்தா கட்டி சின்னதா இருக்கும்போதே ஆபரேஷன் பண்ணியிருக்கலாம். இப்ப மொதல்ல ரத்தம் ஏத்தணும். அப்புறம் மாத்திரையால கட்டிய சுருக்கணும். அதுக்கப்புறம்தான் கத்தி வைக்க முடியும்," என்றார் டாக்டர்.

ரவிக்குமார் தலைகுனிந்து நின்றான். மயிரிழையை அளக்கிறவன், இத்தனை மாதத்தை அளக்காமல் விட்டுவிட்டான்.

ஸ்கேன் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த தனலக்ஷ்மி அம்மாள் கேட்டார்: "யாரும்மா இத வெச்சது?"

"யாரும் வெக்கல்லம்மா. தானா வந்தது."

"யாரும் வெக்கலன்னா நான் யார திட்டறது?"

டாக்டர் சிரித்துவிட்டார். இதை எனக்குச் சொல்லும்போது சங்கமித்ராவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாகேஷப்பாவின் கடைக்கு முதல் போட்டது அந்தக் கேள்விதான்.

கட்டி சுருங்கியது. ஆபரேஷனும் முடிந்தது. இரைப்பையில் ஒரு பங்கு போயிற்று, மாத்திரை தொடர்கிறது, அவ்வப்போது ஸ்கேன் எடுக்க வேண்டும். தனலக்ஷ்மி அம்மாளின் குரல் தெருவுக்குத் திரும்ப வந்துவிட்டது. நாகேஷப்பா இப்போது துமகூரு ரோட்டுப் பக்கம் இருப்பதாகக் கேள்வி. அங்கேயும் ஞாயிற்றுக்கிழமை கூட்டமாம்.

போன வாரம் ஒருவர் என் கதவைத் தட்டினார். பக்கத்தில் அவர் மனைவி, எலும்பும் தோலுமாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாமி எங்கே குடிபோனார் என்று கேட்டார் அந்த மனிதர். முதலில் டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டேன்.

"அதெல்லாம் அப்புறம் சார். மொதல்ல யாரு வெச்சாங்கன்னு தெரியணும்."

யார் என்று கண்டுபிடிக்க இன்றைக்கே ஓடுகிறீர்கள், என்ன என்று கண்டுபிடிக்க அப்புறம் போகலாம் என்கிறீர்கள். அதுவரைக்கும் காத்திருக்கச் சொல்லி, உள்ளே கட்டி ஏதும் இருந்தால் அதனிடமும் ஒரு சத்தியம் வாங்கிவிட்டீர்களா, ஐயா?